கருணை மார்க் வேண்டாம், கேள்வித்தாள் கொடுங்கள்

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்ததும் முதல் வாரத்தில் உங்களிடம் ஒரு விசிலும் ஸ்போர்ட்ஸ் ரூம் சாவியும் தருவார்கள். அடுத்த வாரம் ஆண்டு விழாவுக்கு நாற்காலி போடச் சொல்வார்கள். அதற்கடுத்து முதல்வர் கூப்பிட்டு, "இந்த வருஷம் எத்தனை கப்?" என்று கேட்பார். சிரிக்காதீர்கள். திருத்தணியில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இதே வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நாற்காலி போட்டிருக்கிறேன், கேட்டில் நின்று அடையாள அட்டை பார்த்திருக்கிறேன், பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் நடுவில் போய் நின்றிருக்கிறேன். ஆடிக் கிருத்திகை முடிந்ததும், வண்டிகள் நின்ற எங்கள் மைதானத்தில் காவடிப் பூவும் தேங்காய் ஓடும் பொறுக்கியிருக்கிறேன். இவற்றை யாரும் உங்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை, தானாகத் தலையில் ஏறிக்கொள்ளும்.

கருத்தரங்குகளுக்கும் உங்களை அழைப்பார்கள். பல்கலைக்கழக உடற்கல்வியைச் சீரமைக்க வேண்டும், அதன் வழியே நாட்டின் விளையாட்டை வளர்க்க வேண்டும் என்று மேடையில் பேசுவார்கள். சமோசா நன்றாக இருக்கும். பேசுவதில் தப்பும் இருக்காது. ஆனால் மறுநாள் காலையில் கல்லூரிக்கு வந்து எந்தக் கதவைத் தட்டுவது என்று மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் தட்டிய ஒரு கதவைப் பற்றிச் சொல்கிறேன். அது விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத கதவு.

அதற்கு முன் காலை கிரவுண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் அது ஒரு பழக்கம். பொழுது விடிந்ததும் மைதானத்துக்கு வருகிறவன்தான் பிளேயர். அணியை அவர்களில் இருந்துதான் எடுப்போம். வராதவனுக்கு ஆர்வம் இல்லை என்று முடித்துவிடுவோம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் பிள்ளைகள் அரக்கோணம் பக்கத்திலிருந்து ரயிலிலும், பள்ளிப்பட்டு பக்கத்திலிருந்து பஸ்ஸிலும் வருகிறவர்கள். முதல் மணி அடிக்கும்போது மூச்சிரைக்க உள்ளே நுழைவார்கள். கடைசி மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்கள். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்பது டிரைவருக்கே தெரியாது. ஆக, காலை கிரவுண்டில் ஊருக்குள் வீடு இருப்பவர்களும் விடுதிப் பிள்ளைகளும்தான் நிற்பார்கள். நாட்டுக்கு வேண்டிய திறமையோ பள்ளிப்பட்டு பஸ்ஸில் வந்து, அதே பஸ்ஸில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பிள்ளைகள் நம் கைக்குக் கிடைப்பது இரண்டு மணிகளுக்கு நடுவில் மட்டும்தான். கால அட்டவணையில் ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்துக்கு ஒரு பாடவேளை உடற்கல்வி என்று போட்டிருந்தது. தாளில் போட்டிருந்தது, அவ்வளவுதான். அந்த வேளையில் வேறு பாடம் நடக்கும், பெரும்பாலும் கணக்கு. பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொண்ட வயிற்றெரிச்சல் உங்கள் எல்லாருக்கும் இருக்கும். அது கல்லூரி வரைக்கும் கூடவே வரும் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

எங்கள் கணிதப் பேராசிரியர் கண்டிப்பானவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், கணக்கு சார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வணிகவியல் முதலாண்டுக்கு வணிகக் கணிதம் எடுப்பவரும் அவரே, கல்லூரியின் தேர்வுப் பொறுப்பாளரும் அவரே. ஒருநாள் என் வேளையில் அவர் பலகை நிறைய எழுதிக்கொண்டிருந்தபோது, விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

"என்ன மேடம்?"

"என் கிளாஸ் சார் இது."

"ஒரு சம் பாக்கி கீது."

"எனக்கு ஒரு கிரவுண்டே பாக்கி கீது சார்."

பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே வெளியேறினார். அன்று மாலை ஆசிரியர் அறையில் யாரும் என்னோடு டீ குடிக்க வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று தனியாகவே குடித்தேன். அடுத்த வாரமும் போய் நின்றேன், அதற்கடுத்த வாரமும் நின்றேன். பிடிவாதத்துக்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும், தினமும் செய்தால் வந்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டேன். முதலாண்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் உடல்திறன் சோதனை வைத்து மதிப்பெண் போட வேண்டும் என்று விதி உண்டு. அதை ஸ்போர்ட்ஸ் ரூமில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வாய்க்கு வந்ததைப் போட்டு அனுப்புவதுதான் வழக்கம். நான் எல்லாரையும் வெயிலில் இறக்கினேன். ஓடச் சொன்னேன், தாண்டச் சொன்னேன், கிரிக்கெட் பந்தைக் கொடுத்து எறியச் சொன்னேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, கூச்சத்தோடு ஒவ்வொரு பெண்ணாக வந்து எறிந்தது. வரிசையில் கடைசியாக நின்ற ஒல்லியான பெண் முன்னால் வரவே மாட்டேன் என்றது. தோழிகள் பிடித்துத் தள்ளினார்கள். வேண்டாவெறுப்பாக ஒரு எறி எறிந்தது. பந்து நான் போட்டிருந்த கோடுகளை எல்லாம் தாண்டி, மதிலைத் தாண்டி, சாலையில் போய்க்கொண்டிருந்த திருப்பதி பஸ்ஸின் கூரையில் விழுந்தது. பஸ் நிற்கவில்லை. அந்தப் பந்து இந்நேரம் மொட்டை போட்டுக்கொண்டிருக்கும்.

"மேடம், தெரியாம பண்ணிட்டேன். ஃபைன் போடாதீங்க மேடம்" என்று அந்தப் பெண் அழாத குறையாகச் சொன்னது.

அவள் பெயர் சரளா. பள்ளிப்பட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வீட்டில் தறி. காலை கிரவுண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் பழைய வழியிலேயே போயிருந்தால் மூன்று வருடமும் அந்தக் கையை நான் பார்த்திருக்க மாட்டேன். அவளிடம் ஈட்டியைக் கொடுத்தேன். பயிற்சி எல்லாம் மணிக்கும் மணிக்கும் நடுவில்தான். என் வேளையிலும் சாப்பாட்டு இடைவேளையிலும், ஆசிரியர் வராத வகுப்பு கிடைத்தால் அதிலும் எறிந்தாள். கடைசி மணி அடித்தால் ஈட்டியைப் போட்டது போட்டபடி பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். நானும் தடுக்க மாட்டேன்.

இரண்டாம் ஆண்டில், கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் அவள் முதலிடம். பல்கலைக்கழக அணியில் பெயர் வந்துவிட்டது. வட இந்தியாவில் அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி. அங்கேதான் தேசிய முகாமுக்கு ஆள் பார்ப்பார்கள். நான் ஸ்வீட் வாங்கி எல்லா அறைக்கும் கொடுத்தேன். கணக்கு சாரும் ஒன்று எடுத்துக்கொண்டார். அதே வாரம் செமஸ்டர் தேர்வுக் கால அட்டவணை வந்தது. போட்டி நடக்கும் நாட்களிலேயே அவளுக்கு இரண்டு தாள்கள். அணியைத் தேர்ந்தெடுத்ததும் பல்கலைக்கழகம்தான், தேர்வுத் தேதியைப் போட்டதும் அதே பல்கலைக்கழகம்தான். ஒரு மாடி ஏறி இறங்கினால் பேசித் தீர்த்திருக்கலாம். யாரும் ஏறவில்லை.

முதல்வரிடம் போனேன். அவர் நல்ல மனிதர். "இதுக்கு ஏம்மா முகத்த இப்படி வச்சிருக்கீங்க? அனுப்பிடுங்க. ரெண்டு பேப்பர்தான, அரியர் எழுதிக்கட்டும். காலேஜுக்குப் பேரு வரும்ல" என்றார்.

அரியர். நம் தொழிலில் இதைவிட வழக்கமான பதில் கிடையாது. பிளேயர் என்றாலே அரியர் என்று ஊரில் பேச்சு. எழுதாமல் விட்ட தாள் அடுத்த செமஸ்டரில் இன்னொரு போட்டியோடு மோதும், அதற்கடுத்தது இன்னொன்றோடு. கடைசியில் பிள்ளை கல்லூரியை விட்டுப் போகும்போது கையில் சான்றிதழ்கள் நிறைய இருக்கும், பட்டம் இருக்காது. கிளம்பும்போது அவன் வாங்கிய கப்பை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொள்வோம்.

சரளாவிடம் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "நான் போறேன் மேடம். அரியர் எழுதிக்கிறேன். ஆனா நைனா வுட மாட்டாரு. நீங்க வந்து சொன்னா கேப்பாரு" என்றாள்.

பள்ளிப்பட்டுக்கு பஸ் ஏறினேன். தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிச் சத்தம். அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். அப்போதுதான் பேசுவது காதில் விழுந்தது. நாற்காலி போட்டார்கள், காபி வந்தது. நான் போட்டியைப் பற்றியும் முகாமைப் பற்றியும் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மேடம், தணிகைன்னு ஒரு பையன் உங்க காலேஜ்ல கபடி ஆடினான். தெரியுங்களா?"

தெரியும். நான் சேருவதற்கு முன்னால் படித்தவன். என் அறைக் கண்ணாடி அலமாரியில் இருக்கும் பெரிய கப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற புகைப்படத்தில் நடுவில் இருப்பவன். பார்க்கும்போதெல்லாம், இவன் இப்போது எங்கே ஆடுகிறானோ என்று நினைத்துக்கொள்வேன்.

"அவன் எம் பெரிய பையன். இப்ப திருத்தணி பஸ் ஸ்டாண்டுல ஷேர் ஆட்டோ ஓட்டிகினு கீறான். அவனுக்காகவும் ஒரு சாரு வந்தாரு. நீங்க உக்காந்துகினு கீற இதே சேருதான். அரியர்தான எழுதிக்குவான்னாரு. பையன் வாங்கின கப்பு உங்க ஆபீஸ்ல கீது மேடம். டிகிரி எங்க கீது?"

அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காபி கையிலேயே ஆறிப்போனது. சரளா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவள் அம்மா உள்ளேயிருந்து தெலுங்கில் ஏதோ அதட்டினார், விருந்தாளியிடம் இப்படியா பேசுவது என்பதாக இருக்கும்.

நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு நாற்காலியில் உட்காருவீர்கள். அப்போது வாய்க்கு முதலில் வருவது, 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிற வார்த்தை. தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். எனக்கு முன்னால் அங்கே உட்கார்ந்தவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் சொன்னேன்: "அரியர்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். போயிட்டு வந்ததும் அந்த ரெண்டு பரீட்சையையும் தனியா எழுத வழி பண்ணினா அனுப்புங்க. வழி கிடைக்கலேன்னா நானே அவள பரீட்சை ஹாலுக்குக் கூட்டிகினு போய் உக்கார வைப்பேன். போட்டிக்கு அனுப்ப மாட்டேன்."

"ஆங், பாக்கலாம் மேடம்" என்று சொல்லிவிட்டு அவர் தறியைப் போட்டார். அதற்கு மேல் அங்கே ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மேலேயே எனக்கு எரிச்சல். வாக்குக் கொடுத்துவிட்டேன், வழி ஒன்றும் தெரியாது. கல்லூரியில் தேர்வு என்றால் ஒரே கதவுதான், அது கணக்கு சாரின் கதவு. அவருக்கும் எனக்கும் அப்போது காலை வணக்கம்கூடச் சரியாகக் கிடையாது. தட்டினேன்.

தலையை நிமிர்த்தாமலேயே பேசினார். "உங்க டிபார்ட்மென்ட்ல யாரு வந்தாலும் மூணு விஷயம்தான் கேப்பாங்க. அட்டெண்டன்ஸ் போடுங்க, கருணை மார்க் போடுங்க, எப்படியாவது பாஸ் போடுங்க. இதுல எது கேக்க வந்திருந்தாலும் எழுந்து போயிடுங்க மேடம். எனக்கு வேலை கீது."

"மூணும் வேணாம் சார். அவளுக்கு ஒரு கேள்வித்தாள் வேணும். போயிட்டு வந்து எழுதணும். தோத்தா தோக்கட்டும்."

பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேள்வித்தாளா? நான் இந்த நாற்காலியில உக்காந்ததுலேர்ந்து ஸ்போர்ட்ஸ்காரங்க யாரும் கேள்வித்தாள் கேட்டதே இல்ல" என்றார்.

யோசித்துப் பாருங்கள், உண்மைதான். தலைமுறை தலைமுறையாக நாம் சலுகைதான் கேட்டிருக்கிறோம். விளையாடுகிற பிள்ளைக்குப் படிப்பு வராது என்று ஊரைவிட நாம்தான் அதிகம் நம்பியிருக்கிறோம். சலுகை கேட்டவர்களுக்குச் சலுகை கிடைத்தது, கொஞ்சம் இளக்காரமும் கூடவே கிடைத்தது. பரீட்சை எழுத இடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் மறுப்பதற்கு அவர்களிடம் காரணம் இருந்திருக்காது.

கணக்கு சார் எனக்கு நாற்காலியைக் காட்டினார். பிறகு சொன்னதுதான் விஷயம். "புதுசா பேப்பர் தயாரிக்க நேரமில்லன்னு சொல்லுவாங்க. நம்பாதீங்க. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒண்ணுக்கு மேல செட் வாங்கி வச்சிருப்பாங்க. ஒண்ணுதான் அச்சுக்குப் போவும். மீதி அங்கயே தூங்கிகினு கெடக்கும். ஹால் நான் தரேன், சூப்பர்விஷன் நான் பாக்கறேன். ஆனா ஆர்டர் மேலேர்ந்து வரணும். நீங்க கேட்டா குடுத்துடுவாங்களா? கையில என்னா வச்சிகினு கேக்கப் போறீங்க?"

என் கையில் என்ன இருந்தது? சரளா மட்டும்தான் இருந்தாள்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, தேர்வுக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் அணியிலிருந்து அவள் பெயரைத் திரும்பப் பெறுகிறேன் என்று பல்கலைக்கழக விளையாட்டு வாரியக் கூட்டத்தில் சொல்லப் போவதாகச் சொன்னேன். ஈட்டியை மண்ணில் குத்திவிட்டு நின்றாள்.

"எறியறது நானு மேடம். வேணாம்னு சொல்றதுக்கு நீங்க யாரு?"

"உங்க நைனாவுக்கு வாக்குக் குடுத்தவ."

"என்னை யாரு கேட்டாங்க? அண்ணன் அரியர் வச்சான்னா நானும் வைப்பேனா? இந்த வருஷம் போவலன்னா அடுத்த வருஷம் என் கை எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா? நல்லா இருக்கு மேடம். கப்பு வேணும்னா ஒரு சாரு வராரு, வேணாம்னா ஒரு மேடம் வராங்க." அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள். அன்று கடைசி மணிகூட இன்னும் அடித்திருக்கவில்லை.

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அடுத்த வருடம் அவள் கை எப்படி இருக்கும் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. வாரியத்தில் நான் தோற்றுப்போனால் அவள் வாழ்க்கையின் பெரிய வாய்ப்பை என் கையால் நானே கெடுத்தவளாவேன். பயமாக இருந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் கப்பை மட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு பிள்ளையின் பட்டத்தைப் பிடுங்க நான் தயாராக இல்லை. பல்கலைக்கழகத்துக்கு ரயில் ஏறினேன்.

வாரியக் கூட்டத்தில் சுற்றிலும் நம் ஆட்கள்தான், பல கல்லூரி உடற்கல்வி இயக்குநர்கள். தலைவர் நாற்காலியில் ஒரு மூத்த பேராசிரியர், பக்கத்தில் தேர்வுத் துறை அதிகாரி. என் முறை வந்ததும் எழுந்து சொன்னேன். ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. சொந்த மாணவியை அணியில் சேர்க்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களைத்தான் அந்த அறை பார்த்திருக்கிறது.

தலைவர் சமாதானமாகத்தான் பேசினார். "ஒரு பொண்ணுக்காக விதிய மாத்த முடியுமா மேடம்? வேணும்னா கருணை மார்க் கொஞ்சம் கூட்டிக் குடுக்கலாம். அரியர் ஃபீஸ தள்ளுபடி பண்ணச் சொல்றேன். போதுமா?"

பாருங்கள், எவ்வளவு நல்ல மனசு. அரியரை இலவசமாகவே கொடுக்கிறார்.

"வேணாம் சார். எழுதாத பரீட்சைக்குக் கருணை வேணாம். கேள்வித்தாள் குடுங்க, எழுதட்டும்."

தேர்வுத் துறை அதிகாரி, புதுசாக வினாத்தாள் தயாரிக்க நேரமில்லை என்றார். கணக்கு சார் சொன்னபடியே சொன்னார், ஒரு சொல் மாறவில்லை. "தயாரிக்க வேணாம் சார். அச்சுக்குப் போகாத செட் உங்க அலமாரியிலயே இருக்குமே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதை உனக்கு யார் சொன்னது என்கிற கேள்வி இருந்தது. நான் தண்ணீர் குடித்தேன்.

"நாங்க ஒத்துக்கலேன்னா?" என்றார் தலைவர்.

"இப்பவே சரளா பேரை அடிச்சிடுங்க சார்."

சொல்லிவிட்டேன். தலைவர் பேனாவை எடுத்தார். நிஜமாகவே எடுத்துவிட்டார். சரளா ஈட்டியை மண்ணில் குத்திய சத்தம் என் காதுக்குள் கேட்டது. அப்போது அரக்கோணம் பக்கத்துக் கல்லூரியைச் சேர்ந்த ஒருவர், கூட்டத்துக்கு வந்தால் வாயே திறக்காத மனிதர், பின்வரிசையில் எழுந்தார்.

"அப்பிடின்னா எங்க பசங்க ரெண்டு பேரையும் அடிச்சிடுங்க சார். ரிலே ஓடறவங்க. அவங்களுக்கும் அன்னிக்கு எக்ஸாம்தான்."

அவர் உட்காருவதற்குள் இன்னொருவர் எழுந்தார், பிறகு ஒரு பெண். எல்லாரும் எழவில்லை. சிலர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ரிலே அணி காலியாகிவிட்டது, அது போதும். தலைவர் பேனாவை மூடினார். அதிகாரியும் அவரும் வெளியே போய்ப் பேசினார்கள். டீ வந்து ஆறியது. திரும்பி வந்து, பல்கலைக்கழகத்துக்காக விளையாடப் போகும் மாணவர்களுக்கு, திரும்பிய பிறகு அவரவர் கல்லூரியிலேயே தனித் தேர்வு என்றார்கள். இந்த ஒருமுறைக்கு மட்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே கால் வைத்தாகிவிட்டது, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஆணையின் நகலோடு மறுபடி பள்ளிப்பட்டுக்குப் போனேன். சரளாவின் அப்பா அதை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு எங்களைப் பார்க்காமல், உள்ளே பார்த்துச் சொன்னார். "அவளுக்குக் குளுரு தாங்காது. ஸ்வெட்டர் எடுத்து வை." சரளாவுக்கு என் மேல் கோபம் இன்னும் தீரவில்லை, ஆனால் பஸ் ஸ்டாப் வரை கூடவே வந்தாள்.

போட்டி முடிந்த அன்று அவளே போன் செய்தாள். "மேடம், மெடல் இல்ல. ஆனா இதுவரிக்கும் போட்டதுலயே இதான் தூரம். முகாம்காரங்க என் பேரு கேட்டாங்கன்னு டீம் மேனேஜர் சார் சொன்னாரு. ரயில்ல படிச்சிகினே வரேன்."

தனித் தேர்வு நாளில், எங்கள் கல்லூரியிலிருந்து எழுத வந்தது அவள் ஒருத்திதான். கணக்கு சார் பெரிய ஹாலைத் திறந்து வைத்திருந்தார். சின்ன அறை போதுமே என்றேன். "பரீட்சைன்னா பரீட்சை மாதிரி இருக்கணும் மேடம்" என்றார். அவள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். உறையைப் பிரித்தார், வினாத்தாளைக் கொடுத்தார், நூறு பேர் எழுதுகிற மாதிரி ஹால் முழுக்கக் கைகட்டி நடந்தார். காப்பி அடிக்கப் பக்கத்தில் ஆளே இல்லை. ஆனாலும் ஒரு சுற்றுகூட அவர் குறைக்கவில்லை.

அவளை ஆட்டோவில் கொண்டுவந்து விட்டது அவள் அண்ணன் தணிகை. காக்கிச் சட்டையோடு வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்றான். போட்டோவில் பார்த்ததைவிடக் கொஞ்சம் பருத்திருந்தான், தோள் மட்டும் அதேதான். ஜன்னல் வழியாக உள்ளே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதறாளா மேடம்?"

"எழுதறா."

"எனக்கும் ரெண்டே பேப்பர்தான் மேடம் நின்னுது." தங்கையைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக இருந்த காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எம்மாம் பெஞ்சு சும்மா கீது பாருங்க. அன்னிக்கு எனக்கு ஒண்ணு குடுத்திருக்கலாம்ல."

அவன் கோபமாகக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரோ சவாரிக்குக் கூப்பிடுவதாக போன் வந்தது. "தோ வரேம்பா" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிப் போனான். ஹாலுக்குள் கணக்கு சார் நடை நின்றிருந்தது. அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கப்புறம் 'இந்த ஒருமுறைக்கு மட்டும்' என்கிற வரியை எடுக்கவைக்க அதே வாரியத்துக்கு எத்தனையோ முறை போனேன். சில முறை என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். கணக்கு சார் தன் கையால் விதியை வரைந்து கொடுத்தார். கடைசியில் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். சரளா முகாமுக்குப் போனாள், நாட்டு அணிக்குள் நுழையவில்லை, நெருங்கி வந்து நின்றுவிட்டாள். அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பட்டம் வாங்கிய அன்று அவளுடைய அப்பா அதைக் கொண்டுவந்து என் கண்ணாடி அலமாரிக்கு எதிரில் பிடித்துக் காட்டினார். அந்தக் கப்புக்குத்தான் காட்டினார், எனக்கு இல்லை. இப்போது பள்ளிப்பட்டு பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை எறியவும் ஓடவும் அனுப்பப் பெற்றோர்கள் பயப்படுவதில்லை. ஒரு நாட்டின் விளையாட்டு வளர முதலில் வேண்டியது அந்த நம்பிக்கைதான் என்பது என் எண்ணம்.

நான் ஓய்வு பெற்ற ஆண்டில் தனித் தேர்வு நாளன்று ஹாலுக்குப் போனேன். கணக்கு சார் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்த இளம் பேராசிரியர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன மேடம் இது, ஊர்ல கீற எல்லாரையும் விளையாட அனுப்புறீங்களா? பெஞ்சு பத்தல. பக்கத்து ரூமையும் தொறக்கச் சொல்லிட்டேன்" என்று கத்தினார்.

அவர்கள் கத்துவார்கள். கத்தட்டும். பெஞ்சு தேடுவது அவர்கள் வேலை, நீங்கள் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டே இருங்கள்.